நாலாம் நம்பர் கண்ணாடி

1979 பெப்ரவரி 12, திங்கட்கிழமை. அதிகாலை நாலரைக்கு எழுந்தேன். முற்றத்துத் தொட்டித் தண்ணீரின் மேல் மெல்லிய ஐஸ் படிந்திருந்தது. ஐந்து மணிக்கு தேயிலை பெக்டரிக்குள் நுழைந்து மூன்று ரோலர்களுக்கும் கிரீஸ் வைத்தேன். கொழுந்து வாட்டும் விசிறிகளின் பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்தேன். இரண்டாவது விசிறியின் பெல்ட் அரை அங்குலம் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். ஆறரைக்கு, ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு கேட்டது. ஏழு மணிக்கு ரொட்டியும் சம்பலும். ஏழே முக்காலுக்கு, அடிப்பக்கம் கறுப்புப் பெயின்ட் பூசிய நாலு கண்ணாடித் துண்டுகளைத் துடைத்து, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கிக்கொண்டு, தச்சர் சவரிமுத்துவின் வீட்டுக்கு நடந்தேன். அவற்றை உரிய இடங்களில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மாலை நாலு மணிக்குப் போய் எடுத்தபோது, நாலாம் நம்பர் கண்ணாடியில் ஒரு துகள்கூட இல்லை.

அன்றைய டயரியில் உள்ளது இவ்வளவுதான். கடைசி வரியின் கீழ் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறேன். நான் அப்படிக் கோடு போடுகிறவன் அல்ல.

சென்ற மாதம் பழைய பெக்டரிக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். புதிதாக வந்த உதவி டீமேக்கர், கைக்கு அடக்கமான ஒரு மீட்டரைக் காட்டி, காற்றில் உள்ள தூசியை இது உடனே சொல்லிவிடும் என்றார். "அந்தக் காலத்துல நீங்க எப்படி அளந்தீங்க, அண்ணே?" என்று கேட்டார். கண்ணாடியில் விழுந்ததை எண்ணினோம் என்றேன். சிரித்தார். அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் 1958இல் பெக்டரியில் சேர்ந்தேன். இரண்டு வருடம் ரோலர் கழுவினேன். மூன்று வருடம் ஹட்டனில் ஒரு வேர்க்ஷொப்பில் தொழில் பழகினேன். பிறகு இருபத்து மூன்று வருடம் டயகமவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டராக இருந்தேன். விசிறிகள் என் பொறுப்பு.

விசிறியைக் காதால் நம்பக்கூடாது என்று எனக்குக் காட்டியவர் டீமேக்கர் அருளானந்தம் ஐயா. 1972இல் மின்கம்பி மாற்றிய பிறகு டிரையர் விசிறி இரண்டு நாள் தலைகீழாகச் சுற்றியது. சத்தம் வழக்கம் போலவே இருந்தது. நானும் சரியாக ஓடுகிறது என்றே சொன்னேன். தேயிலைத் தூள் வேகாமல் வந்த பிறகுதான் தெரிந்தது. ஐயா திட்டவில்லை. அவர் யாரையும் திட்டியதில்லை. உட்கார மாட்டார்; நின்றபடியே கேட்பார்; கேட்டுவிட்டுக் காத்திருப்பார். கழுத்தில் கறுப்பு நூலில் தேயிலை பார்க்கும் லென்ஸ் தொங்கும். அதை வாயருகே கொண்டுபோய் ஊதி, கைக்குட்டையால் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை எதிரில் நிற்பவன் பேசமுடியாது. அன்று துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சத்தத்த எனக்குச் சொல்லாத. நம்பரச் சொல்லு."

சவரிமுத்துவை எல்லோரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் தச்சரும் மேசனும் பாஸ்தான். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டவை, ரம்பம் எடுத்துக்கொண்டது. தோட்டத்துத் தச்சுக் கொட்டகை மண்சரிவில் போன பிறகு, ரம்ப மேசையை அவர் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் வைத்து, பெக்டரியில் இருந்து ஒரு மின்கம்பி இழுத்துக் கொடுத்திருந்தார்கள். கதவு, ஜன்னல், தேயிலைப் பெட்டி, சவப்பெட்டி எல்லாம் அங்கேதான். பெரும்பாலும் பலா. அதன் தூள் மஞ்சளாக இருக்கும்.

சாய்ப்புக்கும் அவர்கள் படுக்கும் அறைக்கும் இடையில் ஒரு சுவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர்களைப் போல அதுவும் கூரையைத் தொடவில்லை. மேலே மூன்றடி இடைவெளி. அந்த இடைவெளியில், இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாக, கூரை விட்டத்தின் மேல் ஒரு சவப்பெட்டி இருந்தது.

அது சவரிமுத்துவின் மனைவி ஞானம்மாவுக்குச் செய்தது. முந்தின வருடம் ஜூன் மாதம், நெஞ்சு வியாதிக்காக ஆஸ்பத்திரியில் இருந்த அவர் பிழைக்கமாட்டார் என்று ஓர் ஆள் வந்து சொன்னார். சவரிமுத்து ஒரே நாளில் பெட்டியை முடித்தார். ஞானம்மா பிழைத்துவிட்டார். ஜனவரியில் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றைக்கே மேலே பார்த்து, "அது யாருக்கு?" என்று கேட்டாராம். டயகமவில் ஒருவருக்கு என்று சவரிமுத்து சொல்லியிருக்கிறார். ஞானம்மா நாலடி பத்தங்குலம். நீளத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

தோட்டத்து டாக்டர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: இந்தப் பெண் தூசியில் இருக்கக்கூடாது. ரம்பத்தை வைக்க வேறு இடமில்லை. சமையல் பக்கம் அடுப்புப் புகை, அங்கே படுக்கவும் முடியாது. அதனால் அவரை மஸ்கெலியாவில் தம்பி வீட்டுக்கு அனுப்புவது என்று பேச்சு நடந்தது. புதுக் கொட்டகை கட்டும்வரை என்றார்கள். அது எந்த வருடம் என்று யாரும் சொல்லவில்லை.

பெக்டரியில் தேயிலை சலிக்கும் அறையில் கழற்றிப் போட்ட ஒரு விசிறி இருந்தது. ரம்பத் தூளை வெளியே இழுக்க அதை ஐயாவிடம் கேட்டேன். ஐயா லென்ஸைத் துடைத்தார். "வையி. ஆனா வேலை செய்யுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் செய்த முறை இது. ஆறங்குலச் சதுரக் கண்ணாடிகள் நாலு. ஒன்றாம் நம்பர் ரம்ப மேசையின் கீழ், இரண்டு சாய்ப்பு வாசலில், மூன்று சமையல் பக்கம், நாலு ஞானம்மாவின் கட்டில் அருகே ஒரு முக்காலியில். ரம்பம் ஓடும் காலை எட்டு முதல் மாலை நாலு வரை. பிறகு ஓர் அங்குலச் சதுரம் வெட்டிய அட்டையைக் கண்ணாடி மேல் ஐந்து இடங்களில் வைத்து, லென்ஸால் துகள்களை எண்ணி, சராசரி எடுப்பது. விசிறிக்கு முன் நாலாம் நம்பரில் 140. தகரத்தில் குழாய் அடித்து, விசிறியைச் சாய்ப்பு விட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்தினேன். போல்ட் முடுக்கும்போது தலைக்கு மேல் அந்தப் பெட்டி. கையை ஊன்றப் போனேன்.

"அதத் தொடாதீங்கண்ணே," என்றார் சவரிமுத்து கீழேயிருந்து.

விசிறி ஓடிய பின் மேசைக்குக் கீழ் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. வாசலில் அதைவிடக் குறைவு. நாலாம் நம்பரில் மட்டும் 61, 58, 63, 60. இறங்கவில்லை.

ஐயா ஒரு காரியம் செய்தார். ரம்பமே இல்லாத என் வீட்டில், என் கட்டில் அருகே ஒரு கண்ணாடியை வைக்கச் சொன்னார். எண்ணினேன். முப்பது.

"சாதாரண வீட்டுல முப்பது விழுது. அந்தப் பொண்ணுக்கும் முப்பது வரட்டும். அடுத்த சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா அதோட தம்பிகூட மஸ்கெலியாவுக்கு அனுப்பிருவோம்; அவரே ஞாயித்துக்கெழமை வர்றாராம்."

இது நடந்தது பத்தாம் தேதி. பன்னிரண்டாம் தேதி நாலாம் நம்பர் கண்ணாடியில் பூஜ்யம். பதின்மூன்றாம் தேதியும் பூஜ்யம்.

பகலில் அந்த அறையில் யாரும் இருப்பதில்லை. ரம்பம் ஓடும் நேரமெல்லாம் ஞானம்மா கீழே மாதா கோயில் படியில் போய் உட்கார்ந்துவிடுவார். இரண்டாம் நாள் மாலை நான் அந்த அறையில் தனியாக நின்றேன். ரம்பம் நின்றிருந்தது. ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து கட்டிலின் கால்களை மறைத்திருந்தது. லாந்தர் சிம்னியில் விரலால் கோடு போட்டேன், மஞ்சள் தூள். தலையணையில் தூள். முக்காலியின் ஓரத்தில், கண்ணாடியைச் சுற்றிலும் தூள். கண்ணாடியில் மட்டும் இல்லை. தூசி அந்த ஆறங்குலத்தை ஒதுக்கிவிட்டு விழுந்திருந்தது. கூரையைப் பார்த்தேன். பெட்டியின் அடிப்பலகை மட்டும் தெரிந்தது. கண்ணாடியை டின்னில் போட்டுக்கொண்டு, அவசரமில்லாதவனைப் போல நடந்து வெளியே வந்தேன்.

புதன்கிழமை காலை ஐயா அந்தக் கண்ணாடியைக் கேட்டார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"எத்தன?"

"பூஜ்யம், ஐயா."

"உன் வீட்டுல முப்பது. ரம்பம் ஓடுற வீட்டுல பூஜ்யமா?"

அவர் பழக்க தோஷத்தில், லென்ஸைப் போலவே கண்ணாடியையும் வாயருகே கொண்டுபோய் ஊதினார். குளிர் காலை. அவருடைய மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தது. அந்த வெள்ளைக்குள், வளைவு வளைவாக, நாலு விரல்கள் இழுத்த தடம் மெதுவாக எழுந்து வந்தது. ஓரத்தில் ஒரு கட்டைவிரல். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு உலர்ந்து, கை மறைந்தது. மறுபடி ஊதினார். மறுபடி வந்தது.

"பூஜ்யம்னா தூசி விழலைன்னு அர்த்தமில்ல," என்றார். "யாரோ வந்து போயிருக்காங்கன்னு அர்த்தம்."

சிறிய கை. நாலு விரலும் முழுசாக இருந்தன. சவரிமுத்துவின் கை அல்ல.

அன்று மாலை சவரிமுத்துவிடம் கேட்டேன். "அந்த ரூமுக்குப் பகல்ல யாரும் போறதில்லண்ணே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன், ஏதாச்சும் பாத்தீங்களா?" என்றார். அவர் கண் மேலே போனது. நான் ஒன்றுமில்லை என்றேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கே போனேன். மூட்டம் இறங்கி லயத்துக் கூரைகள் தெரியவில்லை. சாய்ப்பில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டின் பக்கத்து ஜன்னல் அருகே நின்றேன். சற்று நேரத்தில் சமையல் பக்கக் கதவு திறந்தது. முந்தானையால் தலையை மூடிய ஓர் உருவம் உள்ளே வந்து, கண்ணாடியை எடுத்து, வாயருகே பிடித்து, "ஹா" என்று ஊதியது. நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி ஊதியது. மூன்று தடவை ஊதுவதற்கு நடுவில் இரண்டு தடவை இருமல். பிறகு முந்தானையால் துடைத்து, மிச்சத்தை வெறும் விரல்களால் வழித்தது.

"தங்கச்சி," என்றேன்.

ஞானம்மா திரும்பினார். கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழமையில இருந்தா?"

"ஆமாண்ணே. இதுல அழுக்கு இருந்தா என்னைய அனுப்பிருவாங்கன்னு அவரு சொன்னாரு. அதான் அழுக்கு இல்லாம வச்சேன்."

"அழுக்கு கண்ணாடியில மட்டுமா விழுது?"

"எனக்குத் தெரியாதா? படுத்தா நெஞ்சு கரகரங்குது." கட்டிலில் உட்கார்ந்தார். "தம்பி வீட்டுல எனக்குத் தனி கோப்பை, தனி தட்டு. நான் உக்காந்த பாயைக்கூட வெயில்ல போட்டு எடுப்பாங்க. அவங்கள குத்தம் சொல்லல. இங்க அவரு என் கோப்பையிலதான் தேத்தண்ணி குடிக்கிறாரு. வேணாம்னாலும் கேக்க மாட்டாரு. முப்பதுன்னு எழுதிப் போடுங்கண்ணே. உங்களுக்கு ஒரு எழுத்துத்தானே?"

"நான் முப்பதுன்னு எழுதிருவேன். நீ மூச்சுல அறுபதத்தான் இழுப்ப."

நான் டயரியைத் திறக்கவில்லை. மூன்று நாள் துடைக்கப்பட்ட எண்ணை விட, அறுபதிலேயே நின்ற அந்த நாலு நாள் எண்கள்தான் அப்போது என்னை உறுத்தின. மேசையில் பத்தில் ஒன்றாகக் குறைந்த தூசி, கட்டிலில் மட்டும் ஏன் குறையவில்லை?

"சாம்பிராணி இருக்கா?" என்று கேட்டேன்.

"செபத்துக்கு வச்சிருக்கேன்."

தூபக்காலில் கங்கு போட்டுப் புகையை ரம்பத்தின் அருகே பிடித்தேன். விசிறி அதை முழுசாக விழுங்கியது. ஏணி வைத்து ஏறி, சுவருக்கு மேலே உள்ள இடைவெளியில் பிடித்தேன். புகை அறையிலிருந்து சாய்ப்புப் பக்கம்தான் போனது. அப்படியென்றால் காற்று தூசியைக் கட்டிலுக்குக் கொண்டுவரவில்லை. ரம்பத்தை நிறுத்தச் சொன்னேன். விசிறி மட்டும் ஓடட்டும் என்றேன். நாலாம் நம்பரைத் துடைத்துக் கட்டிலருகே வைத்துவிட்டு, மூன்று பேரும் ஒரு மணி நேரம் சமையல் பக்கம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழவில்லை.

ஒரு மணி நேரத்தில் எட்டுத் துகள். எட்டு மணி நேரத்துக்கு அறுபத்து நாலு. மரம் அறுக்கவேயில்லை. மஞ்சள் தூள் இறங்கியிருந்தது.

விசிறியையும் நிறுத்தி இன்னொரு மணி நேரம் வைத்தேன். அடுப்புக் கரி மூன்று நாலு. மஞ்சள் ஒன்றுமில்லை.

ஏணியில் ஏறி, விசிறியை மறுபடி ஓடவிடச் சொல்லி, விட்டத்தில் கையை வைத்தேன். விட்டம் பூனையின் முதுகு போல அதிர்ந்தது. நான்தான் விசிறியை அதில் போல்ட் போட்டவன். அதே விட்டத்தில் உட்கார்ந்திருந்த பெட்டி, பார்த்தால் தெரியாத அளவுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. மூடி சரியாகப் பொருந்தாமல் விலகி இருந்தது. எட்டு மாதம் அறுத்த தூள் உள்ளே நிறைந்து, அடிப்பலகையின் இணைப்பு வழியாக, கோடு போட்டது போலக் கட்டிலின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

கீழே இறங்கிச் சொன்னேன். சவரிமுத்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அத எறக்கக்கூடாதுண்ணே. ஆளுக்குன்னு அளந்து செஞ்சது. வேற யாருக்கும் குடுக்க முடியாது, ஒடைக்கவும் கூடாது. அது மேல இருக்கிறவரைக்கும் இவ கீழ இருப்பா."

"ஆமா, கீழதான் இருக்கேன்," என்றார் ஞானம்மா. "ஒரு மாசமா அதுக்கு நேர் கீழ. நீங்க செஞ்சது கொஞ்சம் கொஞ்சமா என் மேலதான் எறங்குது."

சவரிமுத்து பாதி விரல்களால் மேசை மேல் கிடந்த தூளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எனக்குச் செஞ்ச பொட்டிதானே? அப்ப நான் சொல்றதக் கேளுங்க. ஒடைக்க வேணாம். வேற யாருக்கும் குடுக்கவும் வேணாம்." என்னைப் பார்த்தார். "அண்ணே, உங்க குழாய் அந்தத் தூளையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டுது?"

"வெளிய, சரிவுல."

"சரிவுல ஏன் கொட்டுறீங்க? அதுலயே கொட்டுங்க."

பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை காலை, நானும் சவரிமுத்துவும் பெட்டியை இறக்கினோம். பெட்டியின் எடையை விட உள்ளே இருந்த தூளின் எடை அதிகம் என்று தோன்றியது. அதைச் சரிவில் கொட்டிவிட்டு, பெட்டியைச் சாய்ப்புக்கு வெளியே கல் அடுக்கி அதன் மேல் வைத்தோம். தலைமாட்டில் ஒன்பதங்குல ஓட்டை போட்டுக் குழாயைச் சொருகினேன். கால்மாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு, காற்று மட்டும் வெளியேற ஈரச் சாக்கை இரட்டையாகக் கட்டினேன். விசிறியை விட்டத்திலிருந்து கழற்றித் தரையில் சிமெந்துக் கட்டை மேல் நிறுத்தினேன். ஓட்டை போடும் வேலையை மட்டும் சவரிமுத்து செய்யமாட்டேன் என்றார். நான் போட்டேன். மத்தியானம் ரம்பம் ஓடியது. ஞானம்மா அறையைத் தண்ணீர் தெளித்து மூன்று முறை துடைத்தார்.

சனிக்கிழமை மாலை நாலரைக்கு ஐயாவின் முன் நின்றேன்.

"எத்தன?"

"இருபத்தேழு, ஐயா."

லென்ஸை எடுத்து அவரே ஒரு சதுரத்தை எண்ணினார். பிறகு கண்ணாடியில் அட்டை படாத ஓரத்தில் ஊதினார். வெள்ளை படிந்தது. துகள்கள் அந்த வெள்ளைக்குள் புள்ளி புள்ளியாக நின்றன. காத்திருந்தோம். அவருடைய மூச்சைத் தவிர வேறெதுவும் எழுந்து வரவில்லை.

"கை இல்ல," என்றார். கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். "அந்தப் பொண்ணோட தம்பி நாளைக்கு எத்தன மணி பஸ்ஸுக்கு வர்றாரு?"

"பத்தரைக்கு, ஐயா."

"வரட்டும். சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

அந்த நாலாம் நம்பர் கண்ணாடியை அதற்குப் பிறகு நான் தூசிக்கு வைக்கவில்லை. அன்றிரவே டயரியில் எண்ணை எழுதி, கீழே கோடு போடாமல் மூடினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரம்பம் ஓடாது. காலை ஆறரைக்கு, முதல் வேலையாக, ஒரு தராசும் சாக்கும் எடுத்துக்கொண்டு சவரிமுத்து வீட்டுப் பின்புறம் போனேன். மூட்டம் இன்னும் விலகவில்லை. சவரிமுத்து வாசலோடு நின்றுவிட்டார். ஞானம்மா மட்டும் என்னோடு வந்தார். மூடியைத் தூக்கினேன். ஒன்றரை நாள் தூள், தலைமாட்டில் சற்று மேடாகவும் கால்மாட்டுவரை மெல்லியதாகவும், போர்த்திப் படுத்த ஆள் போல நீளவாக்கில் கிடந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்னண்ணே," என்றார் கடைசியில், "நான் இவ்ளோ ஒல்லியா?"

சிரித்தார். ஒரு தடவை இருமினார், ஒரு தடவைதான். பிறகு விளக்குமாற்றை எடுத்துக் குனிந்தார்.

"இரு தங்கச்சி, தொடைச்சிராத," என்றேன். "நிறுத்துட்டுச் சொல்றேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். ஒன்பதே கால் றாத்தல் இருந்தது. எழுதிக்கொண்டேன். தம்பிக்கு உலை வைக்க வேண்டுமென்று அவர் உள்ளே போனார்.